பெருமாளுக்கு ஒரு நாமம், வாங்கியவருக்கு ஒரு நாமம்

போன மாதம் ஆர்டர் கொடுத்து வரைய வைத்த ஒரு தஞ்சாவூர் ஓவியத்தைப் பற்றி இந்த நுகர்வோர் கேள்வி-பதில் பகுதியில் போகிறபோக்கில் நாலு வரி எழுதினேன். அன்றிலிருந்து மிக்ஸி, ஃபிரிட்ஜ் புகார்களை எல்லாம் ஓரம் தள்ளிவிட்டு சாமி படங்களாக வந்து விழுகின்றன. கடிதங்களைச் சுருக்கியிருக்கிறேன். கடைப் பெயர், ஓவியர் பெயர், கண்ணீர் ஆகியவற்றை எடுத்துவிட்டேன்.

அப்பாவின் சதாபிஷேகத்துக்காகத் திருவல்லிக்கேணி பார்த்தசாரதியை வரையச் சொல்லி 38,000 ரூபாய் கொடுத்தோம். நாங்கள் தென்கலை. மீசை, கிரீடம் எல்லாம் அருமை. நெற்றியில் மட்டும் வடகலை நாமம். கேட்டால், "எந்த நாமமா இருந்தா என்ன சார், பெருமாள் ஒருத்தர்தானே" என்கிறார் ஓவியர். அப்பா படத்தைப் பூஜையறையில் வைக்க மறுக்கிறார்.
– வாசகர், மேற்கு மாம்பலம்

ஓவியர் பேசுவது உயர்ந்த வேதாந்தம். 38,000 ரூபாய் வாங்கிக்கொண்டு பேசும் வேதாந்தம் இல்லை. கோயில் யானைக்கு எந்த நாமம் என்று காஞ்சிபுரத்தில் தலைமுறைக் கணக்கில் சண்டை போட்டவர்கள் நாம். நாமத்தின் பாதம் மூக்கின் மேல் இறங்குகிறதா (தென்கலை) இல்லையா (வடகலை) என்பது உங்கள் அப்பாவுக்கு அரை அங்குலக் கோடு அல்ல, எண்பது வருட அடையாளம்.

சரி, நீங்கள் "தென்கலை" என்று எங்காவது எழுதிக் கொடுத்தீர்களா? வாட்ஸப்பில் ஒரு வரி இருந்தாலும் போதும். இருந்தால் இது கேட்டதை விட்டுவிட்டு வேறொன்றைக் கொடுத்த கதை, சேவைக் குறைபாடு. சொந்தச் செலவில் அவர் திருத்தித் தர வேண்டும். நாமத்தை வெறும் வண்ணத்தில் தீட்டியிருந்தால் முகத்தை மட்டும் மறுபடி தீட்டலாம், பெரிய வேலை இல்லை. மேடு எழுப்பி ரேக் (மெல்லிய தங்கத் தகடு) ஒட்டியிருந்தால் சுரண்டித்தான் எடுக்க வேண்டும், அது முகத்தையும் காயப்படுத்தும்.

எழுதிக் கொடுக்கவில்லை என்றால் அவரிடம் பணிவாகக் கேட்டுப் பாருங்கள். எழுத்து இல்லாமல் நிரூபிப்பது கஷ்டம்.

மற்றவர்களுக்கும் சேர்த்துச் சொல்கிறேன். இந்தப் படங்கள் ஒரே மூச்சில் வரைபவை அல்ல. பலகையில் துணி ஒட்டி, அதன்மேல் பூச்சுப் பூசி, பென்சிலில் வரைவார்கள். பிறகு கற்களைப் பதித்து, சுண்ணாம்புத் தூளையும் பசையையும் குழைத்து நகையும் மண்டபமும் மேடாக எழுப்புவார்கள். அது காய்ந்த பிறகுதான் தங்கரேக், அப்புறம் வண்ணம், கடைசியில் கண் திறப்பு. பென்சில் கோடு நிலையில் ஒரு போட்டோ கேளுங்கள். நாமம், வேல், சங்கு எந்தக் கையில், சக்கரம் எந்தக் கையில், எல்லாவற்றையும் அப்போதே பார்த்துவிடுங்கள். ரப்பர் வைத்து அழிக்கிற நேரம் அதுதான்.

தங்கம் விலை ஏறிக்கொண்டே போகிறது. 2014இல் வாங்கிய மூன்றடி தஞ்சாவூர் படம் இருக்கிறது. அதில் எத்தனை பவுன் தேறும்? அடகு வைக்கலாமா?
– வாசகர், திருப்பூர்

சுரண்டிப் பாருங்கள், சுண்ணாம்பு நிறையத் தேறும்.

பட்டாபிஷேக ராமர் படம், 52,000 ரூபாய். "22 காரட் ஒரிஜினல் ரேக், தலைமுறைக்கும் கறுக்காது" என்றார்கள். மூன்றாவது மழைக்காலத்தில் சீதையின் ஒட்டியாணமும் மண்டபத் தூண்களும் கறுத்துவிட்டன. பில் கேட்டபோது, "சாமி விஷயத்துல கணக்குப் பார்க்காதீங்கம்மா" என்றார். வாயை மூடிக்கொண்டேன். இப்போது போனை எடுப்பதில்லை.
– வாசகி, திருவாரூர்

உங்கள் மேல் எனக்குக் கோபம் இல்லை அம்மா. அந்த வாக்கியத்தின் மேல்தான் கோபம். இருபது வருடமாக இந்தப் பகுதியை எழுதுகிறேன். புடவைக்கடைக்காரர் அப்படிச் சொல்லிக் கேட்டதில்லை, பாத்திரக்கடைக்காரரும் சொன்னதில்லை. சாமி படம், சாமி சிலை, பூஜை சாமான், ஜாதகம் பார்த்துக் கொடுக்கும் மோதிரம், இந்த வரிசையில் மட்டும் விலை சொல்லும்போது அது வியாபாரம், பில் கேட்கும்போது அது பக்தி. பேரம் பேசினால் பாவம். சந்தேகப்பட்டால் அபசாரம். குறை சொன்னால், "உங்க வீட்டுல ஏதோ தோஷம், அதான் கறுத்திருக்கு" என்று பழி சாமி படத்தை விட்டுவிட்டு நம் தலையில் ஏறும். திருவாரூர் அம்மாவுக்கும் அதைச் சொல்லியிருக்கிறார்கள். கடிதத்தின் இரண்டாம் பக்கத்தில் இருக்கிறது, நான் வெட்டிவிட்டேன்.

கறுத்ததற்குக் காரணம் தோஷம் இல்லை, செம்பு. தங்கம் காற்றிலும் ஈரத்திலும் அசையாமல் இருக்கும் உலோகம். தங்கம் போலத் தோன்றும் போலி ரேக் பெரும்பாலும் செம்பும் துத்தநாகமும் கலந்தது, அதாவது பித்தளைக்குச் சொந்தக்காரன். செம்பு காற்றோடு சேர்ந்தால் என்ன ஆகும் என்று பூஜையறைக் குத்துவிளக்கைத் தேய்க்கிறவர்களிடம் கேளுங்கள். புதிதாக இருக்கும்போது போலி ரேக்தான் கண்ணைப் பறிக்கும். அசல் ரேக் கொஞ்சம் அடங்கி, மஞ்சளாக, அலட்டாமல் இருக்கும். ஆனால் கடையில் விளக்கு வெளிச்சத்தில் வைத்துப் பார்த்து எனக்கே சொல்லத் தெரியாது. மோதிரம் என்றால் ஹால்மார்க் முத்திரையைத் தேடலாம், படத்தில் எங்கே தேடுவது? அதனால் ஒரே பாதுகாப்பு காகிதம்தான். "22 காரட் தங்கரேக், இத்தனை அங்குலத்துக்கு இத்தனை அங்குலம், பலகையா பிளைவுட்டா, என்ன கல்" என்று பில்லில் எழுதி வாங்க வேண்டும். எழுத மறுக்கிறவர் அசல் ரேக் போடுகிறவராக இருந்தாலும் அவரிடம் வாங்காதீர்கள். தஞ்சாவூர் ஓவியத்துக்கு 2007-08இலேயே புவிசார் குறியீடு கிடைத்துவிட்டது. மானமாகத் தொழில் செய்யும் பட்டறைகள் அந்த ஊரில் எத்தனையோ உண்டு. பில் போடுவதால் அவர்கள் வீட்டுச் சாமி ஒன்றும் கோபித்துக்கொள்ளவில்லை.

நான் எப்படிக் கற்றுக்கொண்டேன் என்று கேட்பீர்கள். 2011இல் தங்கை வீட்டுக் கிரகப்பிரவேசத்துக்கு 9,000 ரூபாயில் தவழும் கிருஷ்ணன் வாங்கினேன். பில் இல்லை. ஊருக்கெல்லாம் பில் கேள் என்று எழுதுகிறவன், கிருஷ்ணனின் முகத்தைப் பார்த்து மயங்கிவிட்டேன். இரண்டு ஐப்பசி தாண்டவில்லை. கிரீடம் பச்சை கலந்த கறுப்பு. கற்கள் ஒவ்வொன்றாகக் கழன்று கண்ணாடிக்கு உள்ளேயே ஃபிரேமின் அடியில் சேர்ந்துவிட்டன, உண்டியல் மாதிரி. தங்கை ஒன்றும் சொல்லவில்லை. அவள் மாமியார் சொன்னார். இன்னமும் சொல்கிறார்.

இப்போது உங்கள் விஷயம். பில் கொடுக்க மறுப்பதே 2019ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தின்படி முறையற்ற வணிக நடவடிக்கை. ஜிபே-யில் பணம் அனுப்பியதாக எழுதியிருக்கிறீர்கள். அந்தப் பதிவும் "22 காரட்" என்று அவர் அனுப்பிய செய்தியும் உங்கள் பில். முதலில் தேசிய நுகர்வோர் உதவி எண்ணான 1915க்கு போன் செய்து புகாரைப் பதியுங்கள். மசியவில்லை என்றால் மாவட்ட நுகர்வோர் குறைதீர் ஆணையம். ஐந்து லட்சம் ரூபாய் வரை கட்டணம் இல்லை, வக்கீல் கட்டாயம் இல்லை, கடை எந்த ஊரில் இருந்தாலும் நீங்கள் வசிக்கும் மாவட்டத்திலேயே போடலாம். காலக்கெடு இரண்டு வருடம். கறுத்தது தெரிந்த நாளிலிருந்து கணக்கிடும்படி கேளுங்கள். அப்படியும் தாண்டியிருந்தால் தாமதத்துக்கான காரணத்தைத் தனியாக எழுதி மன்னிப்பு மனு வையுங்கள். நியாயமான காரணம் என்றால் ஆணையம் ஏற்கலாம். இன்னும் தள்ளிப் போடாதீர்கள்.

பொங்கலுக்கு வீடு சுத்தம் செய்தபோது தஞ்சாவூர் படத்தை ஈரத்துணியால் துடைத்தோம். மேடான பகுதி குழைந்துவிட்டது. கடை மேல் வழக்குப் போடலாமா?
– வாசகர், ஈரோடு

துணி மேல் போடுங்கள்.

மறைந்த அம்மாவின் படத்தை எண்ணெய் வண்ணத்தில் வரையக் கொடுத்தேன். வந்த படத்தில் மூக்குத்தி இடது பக்கம். அம்மா வாழ்நாள் முழுக்க வலது பக்கம் போட்டவர். ஓவியர் "நீங்க அனுப்பின போட்டோவுல அப்படித்தான் இருக்கு" என்று அடம் பிடிக்கிறார். முழுப் பணத்தையும் திருப்பிக் கேட்கலாமா?
– வாசகி, கோவை

நீங்கள் இணைத்த போட்டோவைப் பார்த்தேன். பேத்தி எடுத்த செல்ஃபி. பின்னால் சுவரில் தொங்கும் காலண்டரில் எழுத்தெல்லாம் இடம் வலமாக மாறி இருக்கிறது. சில போன்களில் முன்பக்க கேமரா கண்ணாடி பிம்பமாகவே சேமித்துவிடும். ஓவியர் பார்த்ததை அப்படியே வரைந்திருக்கிறார். தப்பு அவர் மேல் இல்லை அம்மா, மன்னிக்கவும். காலண்டரை அவராவது கவனித்திருக்கலாம் என்பீர்கள். அம்மாவின் மூக்குத்தியை நீங்களே கவனிக்கவில்லையே. திருத்தக் கூலி கேட்டால் கொடுத்துவிடுங்கள். புடவைத் தலைப்பு, வகிடு, மச்சம் எல்லாம் பக்கம் மாறியிருக்கும், ஒரே தடவையில் பட்டியல் போட்டுக் கொடுங்கள். பிறந்தநாள் படமோ கல்யாண ஆல்பமோ, கேமராக்காரர் எடுத்ததாகப் பார்த்துக் கொடுப்பது நல்லது.

பாட்டியின் முகச்சாயலில் அன்னபூரணி வரையச் சொல்லிப் பணம் கொடுத்து வாங்கினோம். இப்போது ஓவியர் அதையே பிரிண்ட் போட்டு விற்கிறார். ஒரு ஹோட்டல் கல்லாவுக்குப் பின்னால் எங்கள் பாட்டி கரண்டியோடு நிற்கிறார்!
– வாசகர், மதுரை

ஹோட்டலில் சாப்பாடு நன்றாக இருந்ததா என்று நீங்கள் எழுதவில்லை. 1957ஆம் ஆண்டு பதிப்புரிமைச் சட்டம் 17ஆம் பிரிவில், ஒருவர் விலை கொடுத்துக் கேட்டு வரையப்பட்ட ஓவியத்துக்கு, வேறு ஒப்பந்தம் இல்லாதபட்சத்தில், கேட்டவரே முதல் உரிமையாளர் என்று இருக்கிறது. கதை எழுதுகிறவருக்கு உள்ள நிலை வேறு, இது வேறு. பலர் ஓவியருக்கே எல்லா உரிமையும் என்று நினைத்துக்கொண்டிருக்கிறார்கள், ஓவியர்களும்தான். "எங்கள் அனுமதி இல்லாமல் பிரதி எடுக்காதீர்கள்" என்று வக்கீல் நோட்டீஸ் அனுப்புங்கள். அதற்கு முன் ஆர்டர் கொடுத்தபோது ஏதாவது தாளில் கையெழுத்துப் போட்டீர்களா என்று பாருங்கள். இது நுகர்வோர் ஆணையத்துக்குப் போகும் வழக்கு இல்லை, மாவட்ட நீதிமன்றம்.

மகன் பிழைத்து வந்ததற்கு வேண்டுதலாக வேளாங்கண்ணி மாதா படம் ஒன்று வரையச் சொன்னோம். செப்டம்பர் 8 திருவிழாவுக்கு முன் வேண்டும் என்று சொல்லி 15,000 ரூபாய் முன்பணம். நவம்பரில் கொண்டுவந்து மீதியைக் கேட்கிறார்.
– வாசகி, தூத்துக்குடி

மாதா அடுத்த செப்டம்பர் வரை காத்திருப்பார், மீதிப் பணமும் காத்திருக்கட்டும். தேதியை ஒரு காரணத்தோடு சொல்லி ஆர்டர் கொடுத்திருக்கிறீர்கள், அவரும் ஒப்புக்கொண்டிருக்கிறார். படம் பிடித்திருந்தால் தாமதத்துக்கு விலையைக் குறைக்கச் சொல்லி எடுத்துக்கொள்ளுங்கள். பிடிக்கவில்லை என்றால் முன்பணத்தைத் திருப்பிக் கேளுங்கள். மகன் நலமாக இருப்பதாக எழுதியிருக்கிறீர்கள், சந்தோஷம்.

நான் ஓவியன். ஒரு குடும்பம் தங்கள் குலதெய்வத்தை வரையச் சொன்னது. கோயிலில் உருவம் கிடையாது, மரத்தடியில் மூன்று செங்கல்தான். அவர்களே சொல்லச் சொல்ல வரைந்தேன்: குதிரை, அரிவாள், காலடியில் அவர்கள் வீட்டுப் பையன். நான்கு மாத வேலை. முடிந்ததும் "பங்காளிகள் சம்மதிக்கவில்லை, வேண்டாம்" என்றுவிட்டார்கள். முன்பணம் 5,000தான். இதை யாரிடம் விற்பேன்?
– ஓவியர், சிவகங்கை

ஐயா, இந்த மாதம் வந்ததில் என்னைத் தூங்கவிடாத கடிதம் இது. ராமரையும் கிருஷ்ணரையும் இவர் வேண்டாம் என்றால் இன்னொருவர் வாங்குவார். ஊர் பேர் தெரியாத ஒரு வீட்டின் சாமியையும் அந்த வீட்டுப் பையனையும் யார் வாங்குவார்? நீங்கள் விற்பவர் என்பதால் நுகர்வோர் ஆணையம் உங்களுக்கு உதவாது. உரிமையியல் நீதிமன்றத்தில் செய்த வேலைக்குக் கூலி கேட்கலாம், மூன்று வருட அவகாசம் உண்டு. அதற்கு முன் ஒரு நோட்டீஸ். அவர்கள் அனுப்பிய ஆடியோ செய்திகளை அழிக்காதீர்கள். "குதிரை வெள்ளையா இருக்கணும்" என்று சொன்ன குரல்தான் ஒப்பந்தம்.

இனிமேல் பாதிப் பணம் வாங்காமல் பென்சிலைத் தொடாதீர்கள். ரேக் ஒட்டும் முன் கால்வாசி. பங்காளிகளைக் கேட்டாயிற்றா என்று முதல் நாளே கேளுங்கள், நம் ஊரில் அது கொட்டேஷனைவிட முக்கியம்.

150 வருடப் பழைய தஞ்சாவூர் ஓவியம் என்று 1,80,000 ரூபாய்க்கு வாங்கினேன். அமெரிக்காவில் இருக்கும் மகளுக்கு அனுப்ப அரசு அனுமதி வேண்டுமாமே? படத்தின் முன்பக்கம், பின்பக்கம் போட்டோ இணைத்துள்ளேன்.
– வாசகர், காரைக்குடி

நூறு வருடம் தாண்டிய கலைப்பொருளை நாட்டை விட்டு அனுப்ப 1972ஆம் ஆண்டுத் தொல்பொருள் சட்டம் தடையாக நிற்கும், உண்மைதான். உங்களுக்கு அந்தக் கவலை வேண்டாம். பின்பக்க போட்டோவை நான் பெரிதாக்கிப் பார்த்தேன். பிளைவுட். வலது கீழ் மூலையில் மங்கலாக ஐஎஸ்ஐ முத்திரை, பக்கத்தில் பிளைவுட்டுக்கான தர எண் "ஐஎஸ் 303". ஐஎஸ்ஐ என்ற நிறுவனம் தொடங்கியதே 1947இல். 150 வருடத்துக்கு முந்தைய ஓவியர் அதை எங்கிருந்து வாங்கினார் என்று விற்றவரைக் கேளுங்கள்.

விற்றவர் "பழம்பொருள்" என்று எழுதிக் கொடுத்திருந்தால் சுங்கத்தில் நிறுத்துவார்கள். தொல்லியல் துறையிடம் இது பழம்பொருள் அல்ல என்று சான்றிதழ் வாங்கலாம். வாங்குங்கள், ஆனால் மகளுக்கு அனுப்புவதற்காக இல்லை. அந்தச் சான்றிதழையும் அவர் எழுதிக் கொடுத்த தாளையும் ஒன்றாகப் பின் போட்டுப் புகாரோடு கொடுங்கள். அதுவரை படத்தின் பின்பக்கத்தை யாரும் துடைக்காமல் பார்த்துக்கொள்ளுங்கள்.