புது மீன்தொட்டியில் வைத்த செடிகள் இரண்டே வாரத்தில் கரைந்து அழுகுகின்றன. லைட், உரம் எதைக் கூட்ட வேண்டும்?

இப்போதைக்கு இரண்டையும் கூட்ட வேண்டாம். செடி உண்மையிலேயே சாகிறதா என்று முதலில் பாருங்கள்.

கடைக்கு வரும் செடிகளில் பல, பண்ணையில் தண்ணீருக்கு மேலே ஈரக்காற்றில் வளர்ந்தவை. அந்த இலை நீருக்குள் தாக்குப்பிடிக்காது. செடி அதை உதிர்த்துவிட்டு நீருக்கேற்ற மெல்லிய இலையைப் புதிதாக விடும். கிரிப்டோகோரைன் இதில் பேர்போனது, இடம் மாற்றினாலே மொத்த இலையும் கூழாகிவிடும். கூழான இலைகளைக் கத்தரித்து வெளியே எடுங்கள். விட்டுவைத்தால் அம்மோனியா கூடி, பாசிதான் கொழுக்கும். வேரை மட்டும் அசைக்காதீர்கள். மூன்று நான்கு வாரத்தில் நடுவிலிருந்து குருத்து வரும். பொறுமையில்லாமல் பலர் குப்பையில் போடுவது உயிருள்ள வேரைத்தான்.

அனுபியாஸும் ஜாவா ஃபெர்னும் அழுகினால் காரணம் பெரும்பாலும் நட்ட விதம். இவற்றின் தடித்த கிடைத்தண்டை மணலுக்குள் புதைக்கவே கூடாது. விரலால் அழுத்திப் பாருங்கள்: கெட்டியாக இருந்தால் பிழைக்கும். கொழகொழவென்று நாறினால், கெட்டியான பகுதிவரை வெட்டியெறிந்துவிட்டு மிச்சத்தைக் கல்லிலோ கட்டையிலோ தையல் நூலால் கட்டுங்கள். வேர் தானே பற்றிக்கொள்ளும்.

இன்னொரு வில்லங்கம், கடைக்காரர் தலையில் கட்டும் நிலச்செடிகள். லக்கி பாம்பூ, மோண்டோ கிராஸ் போன்றவை முழுக்க மூழ்கினால் சில மாதத்தில் அழுகும். அதற்கு எந்த உரமும் மருந்தல்ல.

மற்ற செடிகளைப் பிளாஸ்டிக் கூடையோடு நடாதீர்கள். வேரைச் சுற்றியிருக்கும் பஞ்சைத் தண்ணீரில் அலசிப் பிய்த்தெடுத்துவிட்டு, 5 செ.மீ. உயரத்துக்குக் குறையாமல் பரப்பிய 2–3 மி.மீ. சரளையில் நடுங்கள். சரளையில் சத்து கிடையாது. கிரிப்டோகோரைன், அமேசான் ஸ்வார்டு போல வேரால் சாப்பிடும் செடிகளின் அடியில் ஆளுக்கொரு ரூட் டேப் (வேருக்கான உர மாத்திரை) புதைத்து, இரண்டு மூன்று மாதத்துக்கு ஒருமுறை மாற்றினால் போதும்.

இனி லைட். இரண்டடித் தொட்டிக்கு, அதாவது ஏறக்குறைய 55 லிட்டருக்கு, 10–15 வாட் வெள்ளை எல்இடி தாராளம். டைமர் போட்டு முதல் மாதம் 6 மணி நேரம், பிறகு மெல்ல 8. வெளிச்சம் கூடக்கூடச் செடி கேட்கும் கார்பன் டை ஆக்சைடும் சத்தும் கூடும். அவை கிடைக்காவிட்டால் செடியின் வளர்ச்சி நின்றுவிடும், மிஞ்சிய வெளிச்சம் பாசிக்குப் போகும். ஜன்னல் வெயில் நேராக விழுந்தால் டைமர் போட்டும் பயனில்லை. முதல் சில வாரம் வரும் பழுப்புப் படிவுக்குப் பயப்படாதீர்கள், விரலால் துடைத்தாலே போகும். இங்கே சொன்ன செடிகளுக்கு கார்பன் டை ஆக்சைடு சிலிண்டர் தேவையில்லை, கடையில் என்ன சொன்னாலும்.

உரத்தை இலை பார்த்துப் போடுங்கள். பழைய இலையில் ஊசித்துளை விழுந்தால் பொட்டாசியம் குறைவு. புது இலை வெளிறி நரம்பு மட்டும் பச்சையாக நின்றால் பெரும்பாலும் இரும்பு. பழைய இலை முழுதும் மஞ்சளானால் நைட்ரஜன், ஆனால் மீன் நிறைய உள்ள தொட்டியில் அது அரிது. மீன்தொட்டிக்கென்று விற்கும் திரவ உரத்தை லேபிளில் சொன்ன அளவில் பாதியாகத் தொடங்குங்கள். தோட்டத்து யூரியா வேண்டவே வேண்டாம், அது அம்மோனியாவாக மாறி மீனைக் கொல்லும். வாரம் ஒருமுறை கால்வாசித் தண்ணீரை, குளோரின் நீக்கியதாக, மாற்றுங்கள்.

போர்வெல் தண்ணீர் கடினமாக இருந்தால் வாலிஸ்நேரியா வையுங்கள், அதற்கு அந்தத் தண்ணீர்தான் பிடிக்கும். ஆனால் 'லிக்விட் கார்பன்' என்று விற்கும் குளூட்டரால்டிஹைடை ஊற்றினால் அதே வாலிஸ்நேரியா கரைந்துவிடும். தொட்டியில் கோல்ட்ஃபிஷ் இருந்தால் மென்மையான செடிகளை மறந்துவிட்டு, அனுபியாஸோடும் ஜாவா ஃபெர்னோடும் நிறுத்திக்கொள்ளுங்கள். மற்றதையெல்லாம் தின்றுவிடும், தின்னாததைப் பிடுங்கிப்போடும்.