இன்ஜினுக்கு மூச்சு முட்டுகிறதா? வாசகர் கேள்வி பதில்

மன்னார்குடி வாசகர்: எங்கள் டிராக்டர் மூன்று சிலிண்டர் டீசல், போர் (சிலிண்டரின் உள்விட்டம்) 100 மி.மீ., ஸ்ட்ரோக் (பிஸ்டன் ஏறி இறங்கும் தூரம்) 110 மி.மீ., டர்போ கிடையாது. கேஜ் வீல் மாட்டிச் சேறடிக்கும்போது கரும்புகை கக்குகிறது, இழுவையும் இல்லை. சிலிண்டர்களுக்குக் காற்றைப் பிரித்துக் கொடுக்கும் வார்ப்பு மேனிஃபோல்டைக் கழற்றிவிட்டு இரண்டரை அங்குலக் குழாயில் புதிதாகச் செய்து தருவதாகப் பட்டறையில் சொல்கிறார்கள். செய்யலாமா?

பதில்: அவசரப்பட்டு வெட்ட வேண்டாம். ஊற்றுகிற டீசலுக்குக் காற்று போதாவிட்டால் கரும்புகை வரும். ஃபில்டர் அடைத்திருந்தாலும் வரும்; டீசல் பீய்ச்சும் நாசில் சொட்டினாலும் வரும்; பம்பில் யாராவது டீசலைக் கூட்டி வைத்திருந்தாலும் வரும். மேனிஃபோல்டைச் சந்தேகிப்பது இவையெல்லாம் பார்த்த பிறகுதான்.

முதலில் அளந்து பாருங்கள். 6 மி.மீ. துளையுள்ள, உள்ளே தெரிகிற பிளாஸ்டிக் டியூப் மூன்று மீட்டர் வாங்கி, ஒரு பலகையில் ‘ப’வைப் போல வளைத்துக் கட்டி, பாதி உயரத்துக்குச் சாயம் கலந்த தண்ணீர் ஊற்றுங்கள். ஒரு முனையை ஃபில்டருக்கு அடுத்த இரும்புக் குழாயில் ஒரு நிப்பிள் வைத்து மாட்டுங்கள், மறுமுனை திறந்திருக்கட்டும். டர்போ இல்லாத டீசல் இன்ஜின் லோடு இருந்தாலும் இல்லாவிட்டாலும் ஒரே வேகத்தில் ஏறக்குறைய ஒரே அளவு காற்றைத்தான் இழுக்கும். அதனால் வயலில் இறக்க வேண்டியதில்லை, வண்டியை நிறுத்தி வைத்தே ஆக்சிலரேட்டரை முழுதாக ஏற்றிப் பார்க்கலாம். தண்ணீர் துள்ளினால் டியூபை ஒரு கிளிப்பால் லேசாக நெருக்குங்கள், அடங்கிவிடும். இரு பக்க நீர்மட்டத்துக்கும் உள்ள வித்தியாசம் 500 மி.மீ.-ஐத் தொட்டால் குற்றவாளி ஃபில்டர்தான். அங்கே குறைவாக இருந்து, மேனிஃபோல்டில் நிப்பிள் வைத்து எடுக்கும் அளவு மட்டும் வெகுவாகக் கூடினால்தான் குழாய் வேலையைப் பற்றி யோசிக்க வேண்டும்.

அப்படிச் செய்வதென்றால் இரண்டரை அங்குலம் வேண்டாம். 2000 ஆர்.பி.எம்.-இல் உங்கள் பிஸ்டனின் சராசரி வேகம் வினாடிக்கு 7.3 மீட்டர். போரின் விட்டத்தைக் குழாயின் விட்டத்தால் வகுத்து, அந்த விடையை அதாலேயே பெருக்கி, பிஸ்டன் வேகத்தாலும் பெருக்கினால் குழாயில் காற்றின் வேகம் வரும். 45 மி.மீ. குழாயில் அது 36 மீட்டர், 63 மி.மீ. (இரண்டரை அங்குலம்) குழாயில் 18 மீட்டர்தான். வேகம் பாதியானால் காற்றின் உந்தமும் பாதி. பிஸ்டன் மேலே திரும்பிய பிறகும், வால்வ் மூடும்வரை காற்று உள்ளே திணிந்துகொண்டிருப்பது அந்த உந்தத்தால்தான். தவிர, ஹெட்டில் (சிலிண்டர்களின் மேல்மூடி) காற்று நுழையும் துளை 45 மி.மீ. ஆக இருந்தால், பெரிய குழாயில் வரும் காற்று அந்தப் படியில் முட்டித் திரும்பும். ஆகவே ஒவ்வொரு சிலிண்டருக்கும் போகும் கிளைக்குழாய்கள் ஹெட் துளைக்குச் சமமாக இருக்கட்டும், அல்லது அரை மி.மீ. சின்னதாக இருக்கட்டும், பெரிதாக மட்டும் கூடாது. இணைப்புக்கு நடுவே வைக்கும் கேஸ்கெட்டின் துளை 1 மி.மீ. பெரிதாக இருந்தால் ஓரம் உள்ளே நீட்டாது. ஃபில்டரிலிருந்து வரும் தாய்க்குழாய்க்கு வேண்டுமானால் அந்த இரண்டரை அங்குலத்தை வைத்துக்கொள்ளுங்கள், நல்லதுதான்.

கிளைக்குழாயின் வாயைத்தான் பலரும் கவனிப்பதில்லை. தாய்க்குழாயிலிருந்து காற்று வந்து கிளைகளுக்குப் பிரியும் பெட்டிக்குள் வெறும் குழாய் நீட்டிக்கொண்டிருப்பதுதான் இருப்பதிலேயே மோசமான அமைப்பு. 45 மி.மீ. குழாய்க்கு 10 மி.மீ. ஆரத்தில் வாயை உருட்டிவிட்டால் நுழைவிடத்து இழப்பு பத்தில் ஒரு பங்குக்கும் கீழே போய்விடும். கண்ணாடிபோலப் பாலிஷ் போடுவதைவிட இது எவ்வளவோ மேல்.

ஹெட்டோடு போல்ட் போட்டு இணைக்கும் ஃபிளாஞ்சுக்கு 10 மி.மீ. தகடு போடுங்கள். ஒரு பழைய ஹெட்டில் போல்ட் போட்டு இறுக்கிக்கொண்டுதான் வெல்டிங் வைக்க வேண்டும், இல்லாவிட்டால் சூட்டில் கோணிவிடும். ஆறிய பிறகு ஸ்கேல் வைத்துப் பாருங்கள், இடைவெளியில் 0.1 மி.மீ. ஃபீலர் (இடைவெளி அளக்கும் மெல்லிய தகடு) நுழைந்தால் முகத்தைச் சமன் செய்தாக வேண்டும். வெல்டிங் பொட்டுகளை உளியால் உடைத்து, பிரஷ் போட்டு, மண்ணெண்ணெயில் கழுவிக் காற்றடியுங்கள். ஒரே ஒரு பொட்டு சிலிண்டரில் விழுந்தாலும் பிஸ்டனும் வால்வும் போச்சு.

ஹெட்டுக்குள் இருக்கும் வளைந்த துளையைக் கிரைண்டரால் தொடவே கூடாது. காற்றைச் சுழலவிட்டு டீசலோடு கலக்கத்தான் அந்த வளைவு. அதைத் தேய்த்தால் புகை இன்னும் கூடும். காற்று கூடிவிட்டதே என்று பம்பில் டீசலைக் கூட்டிவிடாதீர்கள், பிஸ்டன் தலை வெந்துவிடும்.

ஃபில்டர் ரேடியேட்டருக்குப் பின்னாலிருந்து சூடான காற்றை இழுக்கிறதா என்றும் பாருங்கள். 35 டிகிரிக்குப் பதில் 65 டிகிரிக் காற்று போனால் 9 சதவீதக் காற்று குறைந்துபோகிறது. சேறடிக்கும்போது இது நன்றாகத் தெரியும்.

கும்பகோணம் பாலிடெக்னிக் மாணவர்: குழாயின் நீளத்தை வைத்தே இன்ஜின் திறனைக் கூட்டலாம் என்று படித்தோம். டிராக்டருக்கும் அது பொருந்துமா?

பதில்: தத்துவம் பொருந்தும், இடம் பொருந்தாது. பிஸ்டன் இழுக்கும்போது கிளம்பும் அழுத்த அலை குழாயின் திறந்த முனையில் மோதித் திரும்பி, வால்வ் மூடுவதற்குள் வந்து சேர வேண்டும். அலை வினாடிக்கு 350 மீட்டர் ஓடுகிறது, போய்வர கிராங்க் 90 டிகிரி சுற்றும் நேரம் இருக்கிறது என்று கொள்ளுங்கள். 2000 ஆர்.பி.எம்.-இல் குழாய் 1.3 மீட்டர் வேண்டும். பானெட்டுக்குள் எங்கே வைப்பது? 8000 ஆர்.பி.எம். பைக் இன்ஜினுக்கு வால்விலிருந்து 33 செ.மீ. போதும். உங்கள் புராஜெக்டுக்கு அதை எடுத்துக்கொண்டு, 40 செ.மீ.-இல் தொடங்கி இரண்டு இரண்டு செ.மீ.-ஆக வெட்டிச் சோதியுங்கள்.

பாபநாசம் வாசகர்: சம்பா அறுவடையில் எங்கள் மெஷினின் ஏர் ஃபில்டர் ஒரே நாளில் மூன்று தடவை அடைக்கிறது. மேலே பனியன் துணி சுற்றலாமா?

பதில்: வேண்டாம். காலைப் பனியில் நனைந்த துணியில் சுணையும் பதரும் அப்பிக்கொண்டு ஃபில்டரைவிடச் சீக்கிரம் அடைத்துவிடும். ஃபில்டருக்கு முன்பே தூசியைப் பிரிக்கும் பிரீ கிளீனரைத் தூசிப்படலத்துக்கு மேலே உயர்த்துங்கள். ஃபில்டர் கூட்டின் அடியில் உள்ள ரப்பர் வால்வை வேலைக்கு நடுவே அவ்வப்போது பிதுக்கிவிடுங்கள். வெளி எலிமென்ட்டுக்கு உள்ளிருந்து வெளிப்பக்கமாக மட்டும், 2 பாருக்கு மேல் போகாமல் காற்றடியுங்கள். பிறகு உள்ளே பல்பை விட்டுப் பாருங்கள். எங்காவது ஊசிமுனை அளவு வெளிச்சம் தெரிந்தாலும் அதைத் தூக்கிப் போடுங்கள். உள் எலிமென்ட்டைச் சுத்தம் செய்யக்கூடாது, மாற்றத்தான் வேண்டும்.

ஃபில்டருக்கு அப்புறமுள்ள குழாயின் உட்புறத்தை வெள்ளைத் துணியால் துடைத்துப் பாருங்கள். துணியில் புழுதி வந்தால் ஹோஸ் கிளாம்பிலோ சீலிலோ ஓட்டை இருக்கிறது, லைனரும் ரிங்கும் தேய்ந்துகொண்டிருக்கின்றன. இடம் தெரியாவிட்டால் சுத்தமான பக்கத்தில் மெல்லியதாகக் கிரீஸ் தடவி அரை நாள் ஓட்டுங்கள். கிரீஸில் தூசி கோடு போட்டுக் காட்டும். கோடு எங்கே தொடங்குகிறதோ அங்கேதான் காற்று திருட்டுத்தனமாக நுழைகிறது.