பேய்ப் படங்களில் பேயாக வரும் பெண்ணுக்கு உண்மையிலேயே அதிகாரம் இருக்கிறதா?

நம் பேய்ப் படங்களில் பெரும்பாலும் பெண்தான் பேய், ஆண்கள் அவளைப் பார்த்து நடுங்குகிறார்கள், அப்படியென்றால் அந்த இரண்டரை மணி நேரமாவது அதிகாரம் அவள் கையில்தானே என்று கேட்டிருக்கிறீர்கள். இல்லை என்றுதான் சொல்வேன். பயமுறுத்தும் பலம் அவளுக்கு இருக்கிறது. ஆனால் அவள் இருக்கலாமா, போக வேண்டுமா என்பதை மந்திரவாதியோ டாக்டரோ புருஷனோதான் தீர்மானிக்கிறார்கள்.

‘சந்திரமுகி’யில் (2005) கங்கா ஒற்றைக் கையால் கட்டிலைத் தூக்கும் காட்சி எல்லாருக்கும் ஞாபகம் இருக்கும். அதற்குக் கொஞ்சம் முன்னால் நடப்பதைக் கவனியுங்கள். அவள் வெளியே கிளம்புகிறாள். புருஷன் போக வேண்டாம் என்கிறான். அப்படிச் சொல்லிப் பார்க்கும்படி அவனுக்குச் சொல்லிக்கொடுத்தவர் டாக்டர். ஏன் போகக் கூடாது என்று கேட்கும்போதுதான் அவள் குரல் மாறுகிறது.

நாங்குநேரிப் பக்கம் எங்கள் ஊர். ஒரு பண்டிகை நாளில் டிவியில் இந்தப் படம் ஓடிக்கொண்டிருந்தது. சித்தி மடியில் பீடித் தட்டை வைத்துச் சுற்றிக்கொண்டே பார்த்துக்கொண்டிருந்தாள். அந்தக் காட்சி வந்ததும் விரல் நின்றுவிட்டது. இலை பாதி சுருண்டபடி கையிலேயே இருந்தது. “அவள வெளிய போக விட்டிருந்தா கட்டிலத் தூக்கியிருக்க மாட்டால்லா” என்றாள்.

சித்தி அதைப் போகிற போக்கில் சொல்லவில்லை. கல்யாணமாகி ஏழாவது மாதம் அவளுக்குப் ‘பிடித்துவிட்டது’ என்று கூட்டிவந்தார்கள். பகலில் புருஷனை நிமிர்ந்து பார்க்காதவள், ராத்திரி முடியை விரித்துப் போட்டுக்கொண்டு அவரை ‘வாலே, போலே’ என்று பேசுவாள். பேய் பார்க்கிற ஒருவரிடம் கொண்டுபோனார்கள். எனக்கு அப்போது பத்து வயது, நானும் போயிருந்தேன். உச்சிமுடியைக் கொத்தாகப் பிடித்துக்கொண்டு, “யாரு நீ? பேரச் சொல்லு. எப்பப் போவ?” என்று கேட்டுக் கேட்டு வேப்பங்குழையால் அடித்தார். அந்த வீட்டில் அவளுக்கு என்ன நடந்தது என்று அவரும் கேட்கவில்லை, கூட வந்த எங்கள் ஆட்களும் கேட்கவில்லை. கடைசியில் அந்த முடியைப் புளியமரத்தில் சுற்றி, ஆணி அடித்து, அறுத்துவிட்டார்கள். மறுநாளே பெரியவர்கள் நாலு பேர் பேசி அவளைப் புருஷன் வீட்டுக்கு அனுப்பினார்கள். ஆறு மாதத்தில் திரும்பி வந்தாள். அப்புறம் போகவே இல்லை. ஆச்சிதான் வாசலில் நின்று, “எம் பிள்ளைக்குப் பேயும் இல்ல பிசாசும் இல்ல, அவனக் கண்டா பயம்” என்று சத்தம் போட்டாள்.

அதனால்தான் ‘சந்திரமுகி’யின் முடிவை என்னால் ரசிக்க முடிந்ததில்லை. சந்திரமுகி என்ற ஆட்டக்காரியை வேட்டையன் என்ற ராஜா தூக்கிவருகிறான், அவள் காதலனைக் கொல்கிறான், அவளையும் எரிக்கிறான். இத்தனைக்கும் பிறகு, கங்காவுக்குள் வந்து அவள் கேட்பது பழி ஒன்றுதான். அதைக்கூட ஏமாற்றித்தான் தீர்க்கிறார்கள். வேட்டையன் என்று நம்பவைத்து, கடைசி நொடியில் ஆளை எடுத்துவிட்டுப் பொம்மையை வைக்கிறார்கள். கங்காவுக்கு என்ன நோய், என்ன வைத்தியம் என்று டாக்டரும் புருஷனும்தான் பேசி முடிவு செய்கிறார்கள். அவளிடம் யாரும் கேட்பதில்லை.

இன்னொன்றும் தோன்றும். இதன் மூலமான மலையாளப் படம் ‘மணிச்சித்ரதாழ்’ (1993). ஷோபனாவுக்கு தேசிய விருது வாங்கிக் கொடுத்தது. அதில் சந்திரமுகியின் இடத்தில் வரும் நாகவல்லி தஞ்சாவூர்க்காரி, கோபம் வந்தால் தமிழ் பேசுவாள். தமிழில் எடுத்தபோது அவளைத் தெலுங்கு பேச வைத்தார்கள். அடங்காதவள் நம் வீட்டுப் பெண் இல்லை, வேற்று ஊர்க்காரி என்று நினைத்துக்கொள்ள அது வசதியாக இருக்கிறது. வெளிநாட்டிலும் இந்தக் கதைதான். ‘தி எக்சார்சிஸ்ட்’டில் (1973) பேய் பிடித்தவள் பன்னிரண்டு வயதுப் பெண், ஓட்டுகிறவர்கள் இரண்டு பாதிரியார்கள்.

விலகி நிற்கும் படங்களும் உண்டு. ‘அருந்ததி’யில் (2009) கெட்ட ஆவி ஆண். முன் பிறவி அருந்ததி தன் உயிரைக் கொடுத்து, தன் எலும்பையே ஆயுதமாக்கி, அடுத்த அருந்ததிக்கு விட்டுப்போகிறாள். ‘மாயா’வில் (2015) கைக்குழந்தையோடு கடனில் தவிக்கும் ஒருத்தி, பணத்துக்காகத் தனியாக உட்கார்ந்து பேய்ப் படம் பார்க்கப் போகிறாள். அந்தப் பயத்துக்குள் அவளை யாரும் தள்ளிவிடவில்லை, வாடகைக்கும் பாலுக்கும் வழி தேடித் தானாகப் போகிறாள். அந்த ஒரு காரணத்துக்காகவே எனக்குப் பிடித்த படம்.

ஆனால் இந்தக் கேள்விக்கு எங்கள் பக்கத்தில் சினிமாவைவிடப் பழைய பதில் ஒன்று இருக்கிறது. இசக்கியம்மன் கொடையில், அதாவது கோயில் திருவிழாவில், வில்லுப்பாட்டில் பாடும் நீலி கதையைச் சொல்கிறேன். தன்னை நம்பி வந்து மடியில் தலைவைத்துத் தூங்கும் பெண்ணை, நகைக்கு ஆசைப்பட்டு ஒருவன் கொல்கிறான். மணலைக் கூட்டி அதன்மேல் அவள் தலையை இறக்கி வைத்துவிட்டுக் கல்லைத் தூக்கிப் போடுகிறான். பக்கத்தில் நின்ற கள்ளிதான் சாட்சி. மறுபிறவியில் அவன் ஆனந்தன் செட்டி, அவள் நீலி. கள்ளிக் கொப்பை ஒடித்துக் குழந்தையாக்கி, இடுப்பில் வைத்துக்கொண்டு அவன் பின்னாலேயே வருகிறாள். அவன் ஊர்ப்பெரியவர்களிடம் ஓடி, இவள் என் பெண்டாட்டி இல்லை, பேய் என்று கதறுகிறான். குழந்தையை இறக்கிவிடுகிறாள். அது ‘அப்பா’ என்று அவனிடம் போகிறது. பெரியவர்களுக்கு அது போதும். உன் உயிருக்கு நாங்கள் பிணை என்று சொல்லி, இருவரையும் ஒரே வீட்டில் விட்டுக் கதவைச் சாத்துகிறார்கள். விடிந்தால் அவன் பிணம். வாக்குக் கொடுத்தவர்களும் சாகிறார்கள். திருவாலங்காட்டுப் பக்கம் பழையனூரில் சொல்லும் கதையில் அவர்கள் எழுபது வேளாளர்கள். எங்கள் பக்கம் இது முப்பந்தல் இசக்கியின் கதை.

நீலி அவனைப் பல்லாலும் நகத்தாலும் மட்டும் ஜெயிக்கவில்லை. புருஷன் பெண்டாட்டி என்றால் உள்ளே விட்டுக் கதவைச் சாத்து, எல்லாம் சரியாகிவிடும் என்பது பஞ்சாயத்தின் வழக்கம். என் சித்தியை அனுப்பிவைத்த அதே வழக்கம். அதை அப்படியே எடுத்து அவர்கள்மேல் திருப்புகிறாள். எந்தப் பேய்ப் படத்திலும் இவ்வளவு யோசித்துக் காய் நகர்த்தும் பெண்ணை நான் பார்த்ததில்லை.

அப்புறம், அவளை யாரும் ஓட்டவில்லை. பீடம் போட்டு, கொடை கொடுத்து இருக்கச் சொன்னார்கள். வாயில் பிள்ளையோடு நிற்கும் இசக்கியிடம்தான் பிள்ளை வேண்டும் என்று பெண்கள் தொட்டில் கட்டுகிறார்கள். ‘லோகா’ என்று கேள்விப்பட்டிருப்பீர்களே, 2025-இல் வந்த மலையாளப் படம், அதில் கள்ளியங்காட்டு நீலிதான் நாயகி. அவளை ஓட்டாமல் ஊரைக் காக்க விட்டிருக்கிறார்கள் என்பதே எனக்குச் சந்தோஷம்.

பீடத்தில் உட்கார வைத்ததும் ஒரு கட்டுத்தானே என்று கேட்கலாம். சரிதான். செத்தவளுக்குக் கொடை கொடுக்கிற ஊர்தான் உயிரோடு இருந்தவளின் முடியில் ஆணி அடித்தது. கொடையில் ஆண் ஆடினால் சாமி வந்திருக்கிறது என்று கும்பிடுகிறோம். கல்யாணமான சின்னப் பெண் ஆடினால் முதலில் பேயா சாமியா என்று சந்தேகப்படுகிறோம். இது மாறாமல் படம் மட்டும் எப்படி மாறும் என்று எனக்குத் தெரியவில்லை.

கடைசியாக நான் போன கொடையில் சித்தி முன்வரிசையில் உட்கார்ந்திருந்தாள். சாமம் தாண்டி, பாதிக் கூட்டம் தூங்கிவிட்டது. உடுக்கையும் குடமும் தணிந்தன. புலவர் வீசுகோலை நிறுத்தி, பெரியவர்கள் சொல்வதாகச் சொன்னார்: “ரெண்டு பேரும் உள்ள போங்க, விடிஞ்சா எல்லாம் சரியாயிரும்.” என் மடியில் தலைவைத்திருந்த மகளைச் சித்தி தட்டி எழுப்பினாள். “ஏட்டி, முழிச்சுக்கோ. கதவச் சாத்தியாச்சு, இனிமேதான் பாரு.”