மசாஜுக்கும் யோகாவுக்கும் எஃப்எஸ்ஏ கார்டு தேய்க்கலாமா அக்கா?

கேள்வி: வணக்கம் அக்கா. நாங்க டெக்ஸாஸ்ல ப்ளேனோ பக்கம் இருக்கோம், ரெண்டு பேரும் ஐடி, எச்1பி விசா. இந்த ஜனவரில (2025) புது கம்பெனி சேர்ந்தப்போ எஃப்எஸ்ஏல (மருத்துவ செலவுக்குன்னு வரி பிடிக்காம சம்பளத்துலேர்ந்து ஒதுக்கற கம்பெனி கணக்கு) 3,000 டாலர் போட்டேன், இன்னும் 1,450 அப்படியே இருக்கு, 660 வரைக்கும் அடுத்த வருஷத்துக்கு போகும், மிச்சம் போயிடும்னு எச்ஆர்ல சொல்றாங்க. எனக்கு இடுப்பு வலி, எம்ஆர்ஐல டிஸ்க் லேசா பிதுங்கியிருக்கு. ஏ1சி (மூணு மாச சராசரி சுகர் டெஸ்ட்) 6.1. மாசம் 80 டாலர் குடுத்து மசாஜ் மெம்பர்ஷிப் வச்சிருக்கேன், யோகா க்ளாஸும் போறேன், டிசம்பர்ல ஊருக்கு போறப்போ 14 நாள் ஆயுர்வேத பேக்கேஜ் ஒண்ணு எடுக்கலாம்னு ஆசை. இதுக்கெல்லாம் அந்த காசை யூஸ் பண்ணலாமா? மனைவி அவங்க கம்பெனி ஹை டிடக்டிபிள் ப்ளான்ல (ஆரம்பத்துல ஒரு பெரிய தொகை வரைக்கும் நாமளே கட்டற இன்சூரன்ஸ்) அவங்களையும் குழந்தையையும் போட்டிருக்காங்க, 2022லேர்ந்து எச்எஸ்ஏ (அந்த மாதிரி ப்ளான் இருக்கறவங்க வரியில்லாம போடற மருத்துவ சேமிப்பு) இருக்கு, மாசம் 300 போகுது, 9,000 சேர்ந்திருக்கு, அதுலேர்ந்து ஒரு டாலர் கூட எடுத்ததில்ல (2023 டெலிவரி பில் 3,400 கூட கையிலேர்ந்துதான் கட்டினோம்). கோயம்புத்தூர்ல அம்மாவுக்கு முழங்கால் ஆபரேஷன் பண்ணணும், அதுக்கு அந்த எச்எஸ்ஏவை தொடலாமா?

பதில்: தம்பி, நீங்க மசாஜ் பத்தி கேட்டீங்க, ஆனா உங்க லெட்டரை படிச்சதும் என் கண்ணு போய் நின்னது வேற இடத்துல. அதை முதல்ல சொல்லிடறேன், ஏன்னா அதுக்கு நாள் கணக்கு இருக்கு.

உங்க பேர்ல சாதா எஃப்எஸ்ஏ இருக்கு, மனைவி பேர்ல எச்எஸ்ஏவுக்கு காசு போகுது, இது ரெண்டும் ஒரே வீட்டுல ஒண்ணா ஓடக்கூடாது. நீங்க அவங்க பில்லுக்கு உங்க கார்டை தேய்ச்சதே இல்லன்னாலும் சரி, தேய்க்க *முடியும்*ங்கிறதே போதும், உங்க எஃப்எஸ்ஏ அவங்களுக்கும் ஒரு ஹெல்த் கவரேஜ்னு ஐஆர்எஸ் (அமெரிக்க வருமான வரித் துறை) பாக்குது, அதனால அவங்க எச்எஸ்ஏல காசு போடற தகுதி அந்த மாசங்கள்ல அவங்களுக்கு இல்லாம போயிடுது. உங்க எஃப்எஸ்ஏ ஜனவரில ஆரம்பிச்சதால இந்த வருஷம் போட்ட காசு மொத்தமும் கூடுதல் காசு, அதாவது போட்டிருக்கவே கூடாத காசு. நவம்பர் வரைக்கும் 3,300 டாலர். அப்படியே விட்டா வருஷா வருஷம் 6 சதவீதம், அதாவது 198 டாலர் அபராத வரி, எடுக்கிற வரைக்கும் ஒவ்வொரு வருஷமும். கணவன் ஒரு கம்பெனி, மனைவி ஒரு கம்பெனின்னு இருக்கற நம்ம வீடுகள்ல இதை நான் திரும்ப திரும்ப பாக்கறேன், ரெண்டு எச்ஆரும் தனித்தனியா சரியாத்தான் சொல்றாங்க, ஆனா ரெண்டையும் சேர்த்து பாக்க அங்க ஆளே இல்ல.

பயப்படாதீங்க, சரி பண்ணிடலாம். முதல்ல உங்க எஃப்எஸ்ஏ ப்ளான் டாக்குமென்டை எடுத்து பாருங்க, ஊழியருக்கு மட்டும்தான்னு எழுதியிருந்தா (அபூர்வமா சில கம்பெனில இருக்கு) பிரச்சனையே இல்ல. அப்படி இல்லன்னா மனைவி இந்த மாசமே எச்எஸ்ஏ பிடித்தத்தை நிறுத்தட்டும், எச்எஸ்ஏ வச்சிருக்கற கம்பெனிக்கு போன் பண்ணி 2025ல போட்ட அதிகப்படி காசை, அதுல வந்த லாபத்தோட சேர்த்து திருப்பி எடுக்கணும்னு சொல்லட்டும். சாதாரணமா காசு எடுக்கற பட்டனை அமுக்கிடாதீங்க, இதுக்குன்னு தனி ஃபார்ம் இருக்கு. 2026 ஏப்ரல் 15க்குள்ள எடுத்துட்டா 6 சதவீதம் கிடையாது, அந்த தொகையை வருமானமா காட்டி சாதா வரி கட்டினா முடிஞ்சுது. 2022, 23, 24ல உங்களுக்கு எஃப்எஸ்ஏ இல்லன்னா அப்போ போட்டதுக்கு ஒண்ணும் ஆகாது.

அடுத்தது அந்த 660. எச்ஆர் சொன்னபடி அதை 2026க்கு தள்ளிட்டீங்கன்னா, அந்த சின்ன பேலன்ஸ் ஒண்ணே போதும், மனைவிக்கு அடுத்த வருஷம் பூரா எச்எஸ்ஏல காசு போடற தகுதி போயிடும். 2026ல குடும்ப லிமிட் 8,750 டாலர், அதை 660க்காக இழக்கறது பெரிய நஷ்டம். அதனால எனக்கு தெரிஞ்ச வழி, அந்த 1,450ஐயும் டிசம்பர் 31க்குள்ள நியாயமா செலவு பண்ணி, க்ளைமும் போட்டு பூஜ்யமாக்கிடுங்க, ஓபன் என்ரோல்மென்ட்ல (அடுத்த வருஷ ப்ளானை தேர்ந்தெடுக்கற நேரம்) எஃப்எஸ்ஏவை எடுக்காதீங்க. பல்லுக்கும் கண்ணுக்கும் மட்டும்னு லிமிடெட் எஃப்எஸ்ஏ உங்க கம்பெனில இருந்தா அதை எடுக்கலாம், அது எச்எஸ்ஏவோட மோதாது.

இப்போ நீங்க கேட்டதுக்கு வரேன்.

சட்டம் பாக்கறது ஒண்ணே ஒண்ணுதான்: இந்த செலவு ஒரு குறிப்பிட்ட நோயை குணப்படுத்தவோ தணிக்கவோ தடுக்கவோ செய்யறதா, இல்ல உடம்பு பொதுவா நல்லா இருக்கணும்னு செய்யறதா? ரெண்டாவதுன்னா எவ்வளவு நல்ல பழக்கமா இருந்தாலும் கிடையாது. நான் ஆளுங்ககிட்ட கேக்கற கேள்வி, அந்த வலி இல்லாம இருந்தாலும் இதை வாங்கியிருப்பீங்களா? ஆமான்னு மனசு சொன்னா கார்டை உள்ள வச்சிடுங்க.

உங்க இடுப்பு வலி எம்ஆர்ஐல தெரிஞ்ச நிஜ பிரச்சனை, அதனால வழி இருக்கு. பிசியோதெரபி, கைரோப்ராக்டர், அக்குபங்சர் இது மூணுக்கும் பொதுவா டாக்டர் லெட்டர் கூட கேக்க மாட்டாங்க, அக்குபங்சரும் கைரோப்ராக்டரும் ஐஆர்எஸ்ஸோட 502ஆம் நம்பர் வெளியீட்டுல பேர் சொல்லியே இருக்கு. மசாஜ் அப்படி இல்ல. டிஸ்க் பிரச்சனைக்காக இத்தனை வாரம் இத்தனை தடவை மசாஜ் சிகிச்சை தேவைன்னு உங்களை பாக்கற டாக்டர் எழுதி குடுக்கணும், நோய் பேர், சிகிச்சை, எவ்வளவு காலம்னு மூணும் அதுல இருக்கணும், பொதுவா ஒரு வருஷம்தான் அந்த லெட்டர் செல்லும். இதுவரைக்கும் கட்டின மாசங்களை மறந்துடுங்க, இன்னைக்கு வாங்கற லெட்டரை வச்சு பழசை கேட்டா ஒத்துக்க மாட்டாங்க. டாக்டர் முதல்ல, பில் அப்புறம், இந்த வரிசை மாறினா எல்லாமே வீண்.

யோகாவுக்கு நான் கார்டு தேய்க்க மாட்டேன். பொது ஆரோக்கியத்துக்காக போற நீச்சல் க்ளாஸ், டான்ஸ் க்ளாஸ் மாதிரியானது டாக்டரே சொன்னாலும் மருத்துவ செலவு கிடையாதுன்னு ஐஆர்எஸ் 2023ல கேள்வி பதிலா தெளிவா போட்டிருக்கு. ஜிம்மும் அப்படித்தான், டாக்டர் கண்டுபிடிச்ச ஒரு நோயோட சிகிச்சைக்காக மட்டுமே சேர்ந்தாத்தான் கணக்கு, நீங்க வலி வரதுக்கு முன்னாடிலேர்ந்தே போயிட்டிருந்தா அது எடுபடாது. இந்த வருஷம் (2025) ஜிம் ஃபீஸுக்கு எச்எஸ்ஏ அனுமதிச்சுட்டாங்கன்னு ஒரு பேச்சு வாட்ஸ்அப்ல சுத்துது, அது பாதி உண்மைதான். அமெரிக்க கீழ் சபையான ஹவுஸ்ல பாஸான மசோதால தனி ஆளுக்கு வருஷம் 500 டாலர்னு இருந்தது, 2025 ஜூலை 4 கையெழுத்தான சட்டத்துல அது இல்ல, மேல் சபையான செனட்ல எடுத்துட்டாங்க.

இன்னொண்ணு, நீங்க கண்டிப்பா பாத்திருப்பீங்க, ஃபோன்ல வர விளம்பரம்: எங்ககிட்ட நாலு கேள்விக்கு பதில் சொல்லுங்க, சின்ன ஃபீஸ் கட்டுங்க, டாக்டர் லெட்டர் வந்துடும், சாப்பாடு ஜிம் சப்ளிமென்ட் எல்லாத்துக்கும் எச்எஸ்ஏ எஃப்எஸ்ஏ தேய்க்கலாம்னு. 2024 மார்ச்ல ஐஆர்எஸ் இதையே எடுத்து எச்சரிக்கை விட்டுச்சு. அவங்க குடுத்த உதாரணமே ஒரு சர்க்கரை நோயாளிதான், விளம்பரம் பாத்து ஃபீஸ் கட்டி லெட்டர் வாங்கி சாப்பாட்டு பில்லை எஃப்எஸ்ஏக்கு அனுப்பறாரு, அதை நிராகரிச்சுடறாங்க, ஏன்னா சாப்பாடு மருத்துவ செலவு இல்ல. உங்க ஏ1சி 6.1ன்னதும் உங்களை குறி வச்சு இந்த விளம்பரம் இன்னும் வரும், தயவுசெஞ்சு போகாதீங்க. அதுக்கு பதிலா சுகர் பாக்கற மெஷின், ஸ்ட்ரிப், பிபி மெஷின் வாங்குங்க, அதெல்லாம் ஒரு கேள்வியும் இல்லாம செல்லும்.

கார்டு தேய்ச்சப்போ போச்சே, அப்போ சரிதானேன்னு நிறைய பேர் கேக்கறாங்க. இல்ல தம்பி. மெஷின் கடையோட வகையையோ வாங்கின பொருளையோதான் பாக்குது, உங்க நோயை பாக்கல. எஃப்எஸ்ஏ ஆளுங்க ரெண்டு மாசம் கழிச்சு ரசீது கேப்பாங்க, இல்லன்னா கார்டை நிறுத்திட்டு காசை திருப்பி கேப்பாங்க. எச்எஸ்ஏல யாருமே கேக்க மாட்டாங்க, அதுதான் இன்னும் ஆபத்து, ஏன்னா கேக்கறது நேரா ஐஆர்எஸ். வருஷம் 960 டாலர் மசாஜை லெட்டர் இல்லாம எச்எஸ்ஏலேர்ந்து எடுத்தா, 22 சதவீத வரி கட்டறவருக்கு 211 டாலர் வரி, மேல 20 சதவீத அபராதம் 192, கிட்டத்தட்ட 403 டாலர் போயிடும்.

ஆயுர்வேத பேக்கேஜ். புத்துணர்ச்சி, டீடாக்ஸ்னு போட்டு ரூம் சாப்பாடு எல்லாம் சேர்த்து ஒரே விலையா வர பேக்கேஜ்னா அதை உங்க சொந்த காசுல சந்தோஷமா போயிட்டு வாங்க, இந்த கணக்குல கொண்டு வராதீங்க. அதுக்காக ஊருக்கு போறது இந்த விஷயத்துல பயனில்லன்னு இல்ல. வெளிநாட்டுல பண்ற சிகிச்சை அமெரிக்காவுலயும் சட்டப்படி சரியானதா இருந்தா செல்லும். சென்னையில ரூட் கெனால், கண்ணாடி, கண் டெஸ்ட் எல்லாம் பண்ணலாம். ஆனா ஜிபே ஸ்க்ரீன்ஷாட்டை ரசீதுன்னு அனுப்பாதீங்க, உங்க பேர், தேதி, என்ன சிகிச்சை, எவ்வளவு ரூபாய்னு டாக்டர் லெட்டர்ஹெட்ல எழுதி வாங்குங்க, அன்னைக்கு டாலர் ரேட்டையும் குறிச்சு வைங்க. கிளம்பறதுக்கு முன்னாடி எஃப்எஸ்ஏ கம்பெனிக்கு ஒரு போன் போட்டு வெளிநாட்டு பில்லுக்கு என்ன வேணும்னு கேட்டுடுங்க. நாம எல்லாரும் திரும்பி வரப்போ பெட்டி நிறைய மாத்திரை கொண்டு வருவோமே, அது பொதுவா செல்லாது. அங்கேயே வாங்கி அங்கேயே சாப்பிட்ட மருந்துதான் கணக்கு.

ஒரு விஷயம் நிறைய பேர் கோட்டை விடறது, காசு கட்டின தேதி முக்கியமில்ல, சிகிச்சை நடந்த தேதிதான் முக்கியம். டிசம்பர் 28ல பத்து சிட்டிங் அக்குபங்சருக்கு முன்பணம் கட்டி ஜனவரில போனா இந்த வருஷ எஃப்எஸ்ஏல வராது. அதனால இன்னைக்கே அப்பாயின்ட்மென்ட் போடுங்க. உங்களுக்கும் மனைவிக்கும் கண்ணாடி, மூணு பேருக்கும் பல், ஊருக்கு போறதுக்கு முன்னாடி நாலஞ்சு அக்குபங்சர் இல்ல பிசியோ, வலி மாத்திரை (2020லேர்ந்து ப்ரிஸ்க்ரிப்ஷன் இல்லாமலே செல்லும்), 1,450 அதுல தாராளமா முடிஞ்சிடும்.

இனி அம்மா. இந்தியாவுல இருக்கற அம்மாவுக்கு எச்எஸ்ஏ, எஃப்எஸ்ஏ ரெண்டுமே தொட முடியாது. அவங்க வரி கணக்குல உங்க டிபென்டென்ட்டா வரணும், அதுக்கு அமெரிக்க குடியுரிமையோ, இல்ல இங்கயோ கனடா மெக்ஸிகோவுலயோ ரெசிடென்ட்டாவோ இருக்கணும், நீங்க மாசா மாசம் காசு அனுப்பி அவங்க முழுக்க உங்களை நம்பி இருந்தாலும் கூட. இந்த பதிலை எழுதறப்போ எனக்கே கஷ்டமாத்தான் இருக்கு.

ஆனா உங்க லெட்டர்லயே ஒரு வழி இருக்கு. 2023 டெலிவரி பில் 3,400 கையிலேர்ந்து கட்டினோம்னு எழுதியிருக்கீங்களே, எச்எஸ்ஏ ஆரம்பிச்சது 2022ல, பில் அதுக்கப்புறம் வந்தது. எச்எஸ்ஏல பழைய பில்லை திருப்பி வாங்கிக்க கடைசி தேதியே கிடையாது. அந்த பில்லும் கட்டின ரசீதும் கையில இருந்து, இன்சூரன்ஸோ வேற யாரோ அந்த காசை ஏற்கனவே குடுக்கலன்னா, வரிக்கழிவும் எடுக்கலன்னா, முதல்ல அந்த 2025 கூடுதல் காசை வெளிய எடுத்துட்டு, மிச்சத்துலேர்ந்து 3,400ஐ வரியே இல்லாம உங்க பேங்க் அக்கவுன்ட்டுக்கு மாத்திக்கலாம். அது உங்க செலவுக்கு உங்களுக்கு திரும்பி வந்த காசு, அப்புறம் அதை கோயம்புத்தூருக்கு அனுப்பறதும் அனுப்பாததும் உங்க இஷ்டம். ஆஸ்பத்திரி போர்ட்டல்ல அந்த பில் இன்னும் இருக்கலாம், இன்னைக்கு ராத்திரியே டவுன்லோடு பண்ணி வைங்க.