எல்-1 முதுகெலும்பு நசுங்கினால் ஆபரேஷன் இல்லாமல் பழையபடி நடக்க முடியுமா?

உங்கள் அம்மாவுக்கு 62 வயது, பாத்ரூமில் வழுக்கி உட்கார்ந்தபடியே விழுந்தார், எல்-1 (இடுப்புப் பக்கத்து முதுகெலும்புகளில் முதலாவது) நசுங்கிவிட்டது, ஒரு டாக்டர் பெல்ட் போதும் என்கிறார், இன்னொருவர் ஆபரேஷன் என்கிறார் என்று கேட்டிருக்கிறீர்கள். நானும் அதே எல்-1 கோஷ்டிதான். நடக்கிறேன், சமைக்கிறேன், மாடிப்படி ஏறுகிறேன். கோலம் மட்டும் போடுவதில்லை. என் வீட்டுக்காரர் ஸ்டிக்கர் கோலம் வாங்கி ஒட்டிவிட்டார்.

நான் டாக்டர் இல்லை. "இதையெல்லாம் டாக்டர்கிட்ட கேளுங்க" என்று கீழே எழுதப் போகிறவர்களுக்கு முதலிலேயே சொல்லிவிடுகிறேன், கேட்டுத்தான் இதெல்லாம் தெரிந்தது.

எனக்கு அப்போது 57. ஒரு வளைகாப்புக்குப் போகிற அவசரத்தில் பஸ்ஸின் கடைசி சீட்தான் கிடைத்தது. டிரைவர் ஒரு வேகத்தடையைப் பார்க்கவே இல்லை, அதற்கு வெள்ளைப் பெயின்ட்டும் இல்லை. பின்சக்கரத்துக்கும் பின்னால் இருக்கிற சீட் என்பதால் தூக்கிப்போட்டது அங்கேதான் அதிகம். ஒரு முழம் மேலே போய் 'தொப்'பென்று உட்கார்ந்தேன். மூச்சே வரவில்லை. "கம்பியப் பிடிச்சு உக்காரக் கூடாதாம்மா?" என்றார் கண்டக்டர். வேகத்தடை என்றால் 10 சென்டிமீட்டர் உயரம், 3.7 மீட்டர் அகலம், நைசாக ஏறி இறங்க வேண்டும் என்று இந்தியச் சாலைக் காங்கிரஸின் அளவே இருக்கிறது. எங்கள் ஊரில் இருப்பது பாதி வரப்பு.

வாயுப் பிடிப்பு என்று எல்லோரும் சொல்ல, ஒன்பது நாள் எண்ணெய் போட்டு உருவிவிட்டார்கள். நாட்டு வைத்தியத்தைக் குறை சொல்லவில்லை. எக்ஸ்ரே எடுக்காமல் உருவியதைச் சொல்கிறேன். ஒன்பதாம் நாள் ராத்திரி புரண்டு படுக்கவே முடியவில்லை. மறுநாள் படத்தில் பார்த்தால், தீப்பெட்டியை ஒரு ஓரத்தில் மட்டும் அமுக்கின மாதிரி எலும்பின் முன்பக்கம் சரிந்திருந்தது. மேல் முதுகை விலா எலும்புகள் ஆடாமல் பிடித்து வைத்திருக்கின்றன, இடுப்பு வளைந்து கொடுக்கிறது, இரண்டும் சேருகிற டி-12 (மேல் முதுகின் கடைசி எலும்பு), எல்-1 இடத்தில்தான் அடி வந்து இறங்கும் என்றார் டாக்டர்.

ஆபரேஷன் விஷயத்துக்கு வருகிறேன். எலும்பின் முன்பக்கம் மட்டும் நசுங்கி, பின்சுவர் நிமிர்ந்து நின்று, நரம்பில் கோளாறு இல்லையென்றால் பெரும்பாலும் பெல்ட்டிலேயே ஆறும். எனக்கு எம்.ஆர்.ஐ.யில் அப்படித்தான் இருந்தது. எலும்பு வெடித்துத் துண்டு பின்னால் தண்டுவடப் பக்கம் தள்ளியிருந்தால் கதை வேறு. அப்போது ஸ்க்ரூ, ராடு என்று பேசுவார்கள். காலில் பலம் குறைந்தாலோ, சிறுநீர் வராமல் நின்றாலோ, உட்காருகிற இடம் மரத்துப்போனாலோ ஒரு நாள்கூடத் தள்ளிப்போடாதீர்கள். எலும்புக்குள் சிமென்ட் செலுத்துகிற முறையையும் யாராவது சொல்வார்கள். 2009இல் வந்த இரண்டு ஆய்வுகளில், சிமென்ட் போட்டவர்களுக்கும் போட்டதுபோலப் பாவனை செய்தவர்களுக்கும் வலி குறைந்ததில் பெரிய வித்தியாசம் தெரியவில்லை. இப்போதும் சிலருக்குச் செய்கிறார்கள், தப்பென்று சொல்ல நான் யார்? எதற்காக என்று கேட்டுக்கொள்ளுங்கள், அவ்வளவுதான்.

"மூணு மாசம் அசையாமப் படு" என்றார் என் நாத்தனார். டாக்டரோ படம் எடுத்த நாலாம் நாளே டெய்லர் பெல்ட்டை, அதாவது முதுகை நிமிர்த்திப் பிடிக்கிற பெல்ட்டை, கட்டி நடக்கவிட்டார். படுத்தே கிடந்தால் இருக்கிற எலும்பும் தசையும் இன்னும் கரையுமாம். எழும்போது நேராக எழவே கூடாது. மரக்கட்டை உருளுகிற மாதிரி ஒருக்களித்து, காலைக் கீழே தொங்கவிட்டு, கையை ஊன்றி எழ வேண்டும். குனிந்து வாளி தூக்கக் கூடாது. இன்னொன்றை யாரும் எனக்கு முன்கூட்டிச் சொல்லவில்லை: மலச்சிக்கல். அடிபட்ட முதல் வாரத்தில் குடல் மந்தமாகிவிடும், வலி மாத்திரை அதை இன்னும் கெடுக்கும். முக்கினால் முதுகில் உயிர் போகும். முதல் நாளே அதற்கும் மருந்து கேட்டு வாங்கிவிடுங்கள்.

ஆறு வாரத்தில் வலி பாதியானது, பன்னிரண்டாம் வாரம் பெல்ட்டைக் கழற்றினேன். நசுங்கின எலும்பு பழைய உயரத்துக்கு வரவில்லை, வராது. இரண்டு சென்டிமீட்டர் குட்டையாகிவிட்டேன். புடவைக் கொசுவம் தரையில் இழுபடுகிறது.

அம்மா நின்ற இடத்திலிருந்து விழுந்ததற்கே எலும்பு நசுங்கியிருக்கிறது என்றால், டெக்ஸா (எலும்பின் அடர்த்தியை அளக்கிற ஸ்கேன்) எடுக்காமல் விடாதீர்கள். அதில் வருகிற எண் மைனஸ் 2.5 அல்லது அதற்கும் கீழே இருந்தால் ஆஸ்டியோபோரோசிஸ் (எலும்பு மெலிகிற நோய்), எனக்கு மைனஸ் 3.1. ஒரு எலும்பு இப்படி நசுங்கினவர்களில் ஐந்தில் ஒருவருக்கு ஒரே வருஷத்தில் இன்னொன்றும் நசுங்குகிறதாம். பெல்ட் மாட்டினதோடு விட்டால் அடுத்தது தும்மலில்கூடப் போகலாம். எனக்கு வாரம் ஒரு மாத்திரை, 70 மில்லிகிராம். வெறும் வயிற்றில் ஒரு டம்ளர் தண்ணீரோடு விழுங்கி, அரை மணி நேரம் படுக்காமல், எதுவும் சாப்பிடாமல் இருக்க வேண்டும். அந்த அரை மணி நேரம் காப்பி இல்லாமல் இருப்பது முறிவைவிடக் கஷ்டம்.

கேட்காததையும் சொல்லிவிடுகிறேன். நாங்கள் இருந்தது வாடகை வீடு, தரையோடு பதித்த கழிப்பறை. குந்தவே கூடாது என்று டாக்டர் சொன்னதும், எங்கள் செலவிலேயே வெஸ்டர்ன் வைத்துக்கொள்கிறோம் என்று ஓனரிடம் கேட்டோம். "டைல்ஸ் உடையும், வேணாம்" என்று ஒரே வார்த்தையில் முடித்துவிட்டார். பதினோரு வருஷம் வாடகை ஒரு நாள் தவறவில்லை. 57 வயதில் ஹாலில் கமோட் சேர் போட்டு, திரை கட்டி, வாசலில் யாராவது கூப்பிட்டால் வாயைத் திறக்காமல் உட்கார்ந்திருந்தேன். அடுத்த வருஷமே காலி செய்தோம். போன மாதம் அந்தத் தெருவழியாகப் போனபோது புதிதாகக் குடிவந்த பெண் உள்ளே கூப்பிட்டுக் காட்டினாள். வெஸ்டர்ன் வைத்திருக்கிறார், புது டைல்ஸோடு.