லினக்ஸில் டிவிடி டிரைவ் திறக்கவில்லை, பட்டனை அழுத்தினாலும் அசைவில்லை. என்ன செய்வது?

பெரும்பாலும் டிரைவ் பழுதாகியிருக்காது. டிஸ்க் மவுண்ட் ஆகியிருக்கும்போது, அதாவது ஒரு ஃபோல்டரோடு இணைந்து பயன்பாட்டில் இருக்கும்போது, லினக்ஸின் மையப்பகுதியான கெர்னலே கதவைப் பூட்டிவிடும், அதனால்தான் பட்டன் வேலை செய்வதில்லை. முதலில் டெர்மினலில் யுமவுண்ட் கட்டளை கொடுத்து அந்த இணைப்பை விடுவியுங்கள். ‘டார்கெட் இஸ் பிஸி’ என்று வந்தால் ஏதோ ஒரு புரோகிராம் டிஸ்க்கைப் பிடித்துக்கொண்டிருக்கிறது. ஃபியூசர் கட்டளையை மைனஸ் விஎம் சேர்த்து, மவுண்ட் ஆன ஃபோல்டரின் பெயரோடு ஓட்டினால் அது எதுவென்று தெரிந்துவிடும். பல நேரம், டிஸ்க்குக்குள் ‘சிடி’ என்ற ஃபோல்டர் மாற்றும் கட்டளை கொடுத்துப் போய்விட்டு நீங்கள் மறந்துபோன இன்னொரு டெர்மினலாகத்தான் இருக்கும்! அதை மூடினாலே போதும்.

யுமவுண்ட் ஆகியும் பூட்டு விடவில்லையா? ரூட்டாக, அதாவது நிர்வாகி அனுமதியோடு, ‘எஜெக்ட் மைனஸ் ஐ ஆஃப்’ கொடுத்துப் பட்டனை அழுத்துங்கள்.

அதற்கும் மசியாவிட்டால் கம்ப்யூட்டரை அணைத்துவிட்டு, டிரைவின் முகப்பிலுள்ள ஊசித்துளையில் நிமிர்த்திய பேப்பர் கிளிப்பை நேராக, மெதுவாக அழுத்துங்கள். தட்டு சற்றே வெளியே வரும், மீதியைக் கையால் இழுக்கலாம். டிஸ்க் சுழலும்போது மட்டும் இதைச் செய்யவே வேண்டாம்.