டேங்க் பேக் வாங்கும் முன் வண்டியைக் கடைக்கு ஓட்டிப் போங்கள்

கேள்வி: என்னிடம் ராயல் என்ஃபீல்டு கிளாசிக் 350 இருக்கிறது. ஆகஸ்டில் மதுரையிலிருந்து பெங்களூரு, சிக்மகளூர், ஆகும்பே வழியாகக் கோவா போகிறோம். பின்சீட்டில் மனைவி வருவதால் அங்கே பை கட்ட இடமில்லை. அதனால் பெட்ரோல் டேங்க் மேல் மாட்டும் டேங்க் பேக் வாங்கப் போனால், காந்தம், பெல்ட், வளையம் என்று மூன்று வகை காட்டுகிறார்கள். நீண்ட பயணத்துக்கு 22 லிட்டர் பைதான் சரி என்கிறார் கடைக்காரர். எதை வாங்கலாம்?

பதில்: 22 லிட்டர் வேண்டாம். 10 முதல் 12 லிட்டரே போதும். டேங்க் பேக் பெரிதாகப் பெரிதாக அகலத்தைவிட உயரம்தான் கூடும். மலைப்பாதையின் கொண்டை ஊசி வளைவில் ஹேண்டிலை முழுக்க ஒடிக்கும்போது அது பையில் இடிக்கும். ஹார்ன் அழுந்தினால் பரவாயில்லை. கில் சுவிட்ச் தட்டுப்பட்டு, ஏற்றத்தில் இருவரும் உட்கார்ந்திருக்க என்ஜின் அணைந்தால் வண்டியைத் தாங்குவது கஷ்டம். மழைக்கோட்டு, தண்ணீர், பவர் பேங்க், மருந்து, பணம், இவ்வளவுதான் அந்தப் பையில் இருக்க வேண்டியவை. துணிமணியைப் பக்கவாட்டுப் பைகளில் போடுங்கள். ஸ்பானர் மாதிரி கனமான, கூரான சாமான்களும் அங்கேயே போகட்டும். கீழே விழுந்தாலோ மோதினாலோ டேங்க் பேக் நேராக வயிற்றில்தான் வந்து அழுத்தும்.

உங்கள் டேங்க் இரும்பு என்பதால் காந்தம் நன்றாகவே ஒட்டும் (பிளாஸ்டிக், அலுமினியம் என்றால் ஒட்டாது). எடுத்து வைப்பதும் சுலபம். ஆனால் நீங்கள் போவது மழைக்காலத்தில், சேறும் சகதியுமான சாலையில். காந்தத்துக்கு அடியில் நாலு மணல் துகள் மாட்டினால் போதும், பெயின்ட் கீறிவிடும். உங்களில் யாருக்காவது பேஸ்மேக்கர் இருந்தால் காந்தப் பேச்சே வேண்டாம். வளைய வகையில், பெட்ரோல் மூடியைச் சுற்றி ஒரு வளையத்தைப் பொருத்தி, அதில் பையை 'டக்' என்று மாட்டுவார்கள். கிவி (Givi) நிறுவனத்தின் டேங்க்லாக் இந்த ரகம். உங்கள் மாடலுக்கென்றே வளையம் கிடைத்தால் மட்டும் யோசியுங்கள்.

இந்தப் பயணத்துக்கு என் தேர்வு பெல்ட் வகை. கிளாசிக்கின் டேங்க் 13 லிட்டர்தான். இரண்டு பேர், சுமை என்று போகும்போது அடிக்கடி பங்க்கில் நிற்க வேண்டியிருக்கும். அதனால் முன்பக்க பக்கிளைக் கழற்றியதும் பை பின்னால் மடங்கி, மூடி தாராளமாகத் திறக்கிறதா என்று பாருங்கள். பெல்ட்டுக்கு அடியில் பெயின்ட் பாதுகாப்பு ஃபிலிம் ஒட்டிவிடுங்கள்.

இதையெல்லாம் கடை வாசலிலேயே, உங்கள் வண்டியிலேயே பார்த்துவிட வேண்டும். பைக்குள் சாமான் நிரப்பி மாட்டுங்கள். என்ஜினை ஓடவிட்டு, நியூட்ரலில் ஹேண்டிலை இரண்டு பக்கமும் கடைசி வரை திருப்புங்கள். சத்தம் தானாக ஏறினால் பெல்ட் ஆக்ஸிலரேட்டர் கேபிளை இழுக்கிறது என்று அர்த்தம். பெல்ட் போகும் வழியை மாற்றச் சொல்லுங்கள். அப்புறம் வண்டியில் உட்கார்ந்து மீட்டர் மறைக்கிறதா என்று பாருங்கள்.

மழை விஷயத்தில் 'வாட்டர் ரெசிஸ்டன்ட்' என்ற லேபிளை நம்பாதீர்கள். ஆகும்பே மழையில் தண்ணீர் ஜிப் வழியாகவும் தையல் வழியாகவும் இறங்கும். ரெயின் கவரைச் சுற்றிலும் இறுக்கமான எலாஸ்டிக்கும், பையோடு கட்டிவைக்க ஒரு கயிறும் இருக்க வேண்டும். இல்லையென்றால் வேகத்தில் காற்று புகுந்து, கவர் பறந்தே போய்விடும். ஆர்.சி., இன்ஷூரன்ஸ் காகிதங்களைத் தனியாக ஒரு பிளாஸ்டிக் உறையில் போட்டுவிடுங்கள்.

கேள்வி: போன வாரம் வாங்கிய டேங்க் பேக்கின் ஜிப் அதற்குள் பிய்ந்துவிட்டது. 'விற்ற பொருள் திரும்பப் பெறப்படாது' என்று பில்லில் இருப்பதைக் காட்டுகிறார் கடைக்காரர். வேறு வழியே இல்லையா?

பதில்: இருக்கிறது. பிடிக்கவில்லை, வண்டிக்குப் பொருந்தவில்லை என்றால் திருப்பித் தரச் சட்டப்படி உரிமை கிடையாது. குறையுள்ள பொருளின் கதை வேறு. பில்லில் சொன்ன காலத்துக்குள், காலமே சொல்லவில்லை என்றால் 30 நாளுக்குள், அதைத் திரும்பப் பெற மறுப்பது 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி முறையற்ற வணிக நடவடிக்கை. பிய்ந்த ஜிப்பை பில்லோடு சேர்த்துப் படம் எடுத்து, கடைக்கு எழுத்தில் அனுப்புங்கள், வாட்ஸ்அப் ஆனாலும் சரி. பதில் வரவில்லை என்றால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-க்கு அழைத்துப் புகாரைப் பதிவு செய்யுங்கள்.